அமுங்கின பஞ்சும் செத்த பஞ்சும்

போடிநாயக்கனூர்ப் பஞ்சுக் கடைகளில் விலை பேசுவதற்கு முன்னால் ஒரு பிடி பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்குவார்கள். பத்து எண்ணுகிறவரை விடமாட்டார்கள். பிறகு விரலைப் பிரிப்பார்கள். நல்ல இலவம்பஞ்சாக இருந்தால் விரல் விலக விலகக் கூடவே எழும்பி வரும். உள்ளங்கை நிறைந்து, விரலிடுக்கில் வழிந்து, மூச்சுக்காற்று பட்டாலே பறக்கப் பார்க்கும். நாள்பட்ட சரக்கு தயங்கித் தயங்கி எழும்பும். மில் கழிவுப் பஞ்சைக் கலந்திருந்தால் பாதியோடு நின்றுபோகும். தராசு வருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அமுக்கினால் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்துத்தான் இந்தத் தொழிலில் தரமும் விலையும்.

நான் பிறந்தது பொட்டிபுரம். வாக்கப்பட்டு வந்தது போடி டவுனுக்கு. வெளியூரில் ஊர்ப்பேரைச் சொன்னால் "நியூட்ரினோ ஊரா?" என்று கேட்கிறார்கள். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த செய்தி வந்ததிலிருந்து அந்த அடையாளம் ஒட்டிக்கொண்டது. என் சிறுவயதில் மலையடிவாரம் என்றால் எங்களுக்கு இலவமரமும் மாமரமும்தான். மேலே ஏலக்காய், காப்பி, மிளகு. ஏலத்துக்கு மழையும் நிழலும் ஈரமும் வேண்டும். இலவுக்குக் காய் வெடிக்கிற மாதங்களில் ஒரு சொட்டு மழை ஆகாது. மலை தடுத்துவிட்ட மழையில் மேலே இருப்பவர்கள் பிழைக்கிறார்கள். தடுத்ததால் கிடைத்த வெயிலில் கீழே நாங்கள் பிழைக்கிறோம்.

இலவு மார்கழி தையில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் கொப்போடு நிற்கும். பூ ராத்திரியில் விரியும். தேனுக்கு வௌவால் வரும். விடிந்தால் மரத்தடியெல்லாம் பூ. பிறகு பச்சைக் காய் கொத்துக்கொத்தாகத் தொங்கி, மாசி பங்குனியில் பழுப்பேறும். இலவு காத்த கிளியின் கதையை எல்லோரும் கிளியின் ஏமாற்றமாகச் சொல்வார்கள். தோட்டக்காரருக்கும் அதே ஏமாற்றம் உண்டு. காய் மரத்திலேயே வெடித்தால் பஞ்சு காற்றோடு போகும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் மிச்சமும் மஞ்சள் பாய்ந்து கட்டிக்கொள்ளும். அந்தப் பயத்தில் முத்தாத காயைத் தட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பஞ்சில் மினுமினுப்பு இருக்காது, அமுக்கினால் எழும்பாது. பச்சைக்காயில் எழும்பாத பஞ்சை எந்த வெயிலில் போட்டாலும் எழுப்ப முடியாது. எங்கள் தொழிலில் முதல் கேடு அங்கேதான் தொடங்குகிறது.

காய் பறிப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. மரம் அறுபது எழுபது அடி சாதாரணமாகப் போகும். கொப்புகள் படுக்கைவாட்டில் நீளும். பார்க்க வாகாகத் தெரியும், ஆனால் கட்டை மெத்து, சட்டென்று முறியும். ஏறுகிறவர் தண்டோடு ஒட்டி நின்று தொரட்டியால் எட்டிப் பறிப்பார். கொப்பு முறிந்து இடுப்பு ஒடிந்தவர்களை எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியும். பஞ்சு விலை பேசும்போது மரத்தில் ஏறியவரின் கூலி யார் நினைப்புக்கும் வருவதில்லை.

பொட்டிபுரத்தில் எங்கள் அம்மாவும் அத்தையும் காய் உடைக்கிற வேலைக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் போவேன். காய்ந்த காயைத் தட்டினால் ஓடு ஐந்து பிளவாகப் பிரியும். உள்ளே பஞ்சு சுருண்டு, மிளகளவு கறுப்பு விதைகளைப் பொத்தி வைத்திருக்கும். பருத்தியில் நார் விதையிலிருந்தே முளைப்பதால் விதையைப் பிரிக்க ஜின்னிங் மில் வேண்டும். இலவில் நார் முளைப்பது ஓட்டின் உள்சுவரிலிருந்து. விதை சும்மா உள்ளே கிடக்கிறது. அதனால் ஒரு பெரிய கூடையில் பஞ்சைப் போட்டு, நுனியில் குறுக்குக் குச்சி கட்டிய கம்பை மத்து கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கு நடுவே சுழற்றினாலே விதை கீழே உதிர்ந்துவிடும். இப்போது அதை மிஷின் செய்கிறது. விதை எண்ணெய்க்குப் போகும், பிண்ணாக்கு மாட்டுக்கு, ஓடு அடுப்புக்கு. காயில் வீணென்று எறிய ஒன்றும் இல்லை.

அந்த வேலை நடக்கிற அறையில் ஜன்னலைத் திறக்க முடியாது, மின்விசிறி போட முடியாது. சித்திரை வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆடியில் மலைக்கணவாய்க் காற்று இறங்கினால் கதவிடுக்கில் சாக்கைத் திணிக்க வேண்டும். சாயந்திரம் வெளியே வரும்போது புருவம், இமை, கூந்தல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். எங்கள் அத்தைக்குக் கடைசிவரை இருமல் விடவில்லை. இன்றைக்கு என் கடையில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டாமல் ஒருத்தியையும் பஞ்சறைக்குள் விடமாட்டேன். பீடி, தீப்பெட்டி வாசற்படி தாண்டி வரக்கூடாது. ஒரு பொறி போதும். தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிடும்.

மெத்தை வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமனார். மருமகள் தையல் மிஷினில் உறை தைத்தால் போதும், பஞ்சறைக்கு ஆள் இருக்கிறது என்று வீட்டில் மற்றவர்கள் சொன்னபோது, "அவ கையில பஞ்சு பேசுதப்பா, விடுங்க" என்றார். முதல் பாடமே நாரைப் பற்றித்தான். ஒரு இழையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஏத்தா, இது நூலு இல்ல. குழாய்."

அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை. ஆனால் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. இலவ நார் ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்தை ஒட்டிய நீளமுள்ள மெல்லிய குழாய். சுவர் மிக ஒல்லி. முக்கால் பங்குக்கும் மேல் உள்ளே காற்று. வெளிப்புறத்தில் மெழுகுப் பூச்சு. பருத்தி நாருக்கு இருக்கிற முறுக்கு இதற்கு இல்லை. வழவழவென்று இருப்பதால் தனியாக நூல் நூற்க வராது. ஆனால் கை அமுக்கும்போது குழாய் வளைந்து கொடுத்து, கை எடுத்ததும் நிமிர்கிறது. இழைக்கும் இழைக்கும் நடுவிலிருந்து வெளியேறின காற்று திரும்பி வந்து உட்கார்கிறது. மெத்தையை வெயிலில் போட்டால் பொங்குவது இதனால்தான். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இழைகள் காய்ந்து பிரிகின்றன.

மாமா அப்படியே ஒரு பித்தளைப் போசியில் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி, பஞ்சுத் துணுக்கு ஒன்றை அதில் போட்டார். மிதந்தது. விரலால் தண்ணீருக்குள் அமுக்கினார். விரலை எடுத்ததும் மேலே வந்தது. எடுத்துத் தட்டினார், உலர்ந்த பஞ்சு. அதே போசியில் பருத்தியைப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் நனைந்து கனத்து இறங்கிவிட்டது. கப்பல்காரர்கள் உயிர்காப்பு அங்கிக்குள் இந்தப் பஞ்சை வைத்துத் தைத்ததற்குக் காரணம் இந்தக் குணம்தான். தன் எடையைப்போல் சுமார் 30 மடங்கைத் தண்ணீரில் தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது உலகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த இலவம்பஞ்சு நின்றுபோனது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுச் செடிகளின் பஞ்சைப் பொறுக்கிவரச் சொல்லி அதை அங்கிக்குள் அடைத்தார்கள். எங்கள் மலையடிவாரத்தில் மாடு கட்டுகிற மரத்துக்கு இப்படியொரு சரித்திரம் இருப்பது தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

மரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஔவையார் ஆத்திசூடியில் படுக்கைக்கு இந்தப் பஞ்சைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் இன்று நாங்கள் மெத்தைக்கு எடுக்கிற மரத்தின் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்கிறார்கள் தாவரநூல்காரர்கள். நம் காட்டு மரம், தண்டெல்லாம் முள்ளும் நெருப்புச் சிவப்பில் பூவுமாக இருக்கிற முள்ளிலவு. ஔவையார் சொன்னது அந்தப் பஞ்சாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். குரங்கணி ஏறுகிற வழியில் முள்ளிலவு பூத்து நிற்பதைப் பார்க்கலாம். அதன் பஞ்சும் மிருதுதான். மலைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிற மரத்தில் காய் பொறுக்கிக் கடை நடத்த முடியாது. தோப்பாக வைத்தால்தான் கட்டும். வந்த மரம் போத்து நட்டாலே பிடிக்கும், அடியோடு வெட்டினாலும் அடிமரத்திலிருந்து துளிர்த்து வரும். அதனால் ஊருக்கு ஊர் பரவிவிட்டது.

என் மகள் பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது இயற்பியல் பாடத்தில் மீட்சிப் பண்பு என்று சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அமுக்கினாலோ இழுத்தாலோ உருமாறி, விட்டதும் பழைய உருவுக்குத் திரும்புகிற குணம். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் 1678-ல் சுருள்வில்லை வைத்து அதன் விதியை வெளியிட்டாராம். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டேன். மீட்சி என்ற சொல் நமக்குப் பழக்கமானதுதான். அடகு வைத்த நகையை மீட்கிறோம். சீக்கில் கிடந்தவர் மீண்டு வந்தார் என்கிறோம். திரும்புவதும் தப்பிப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் மீண்டு வருவதற்குச் சொல்கிற ரெசிலியன்ஸ் லத்தீனிலிருந்து வந்தது, பின்னோக்கித் துள்ளுவது என்று பொருள் என்றாள். சுருள்கம்பிக்கு அது சரி, அது துள்ளும். எங்கள் பஞ்சு துள்ளாது, எழும்பும். ஆனால் அன்றைக்கு அவள் படித்ததில் என்னை உட்கார வைத்தது வேறொரு சொல்: மீட்சி எல்லை. அந்த எல்லைக்குள் அமுக்கினால் பொருள் திரும்பும், தாண்டினால் திரும்பாது. அதைத்தான் நாங்கள் கடையில் அமுங்கின பஞ்சு, செத்த பஞ்சு என்று பிரிக்கிறோம்.

அமுங்கின பஞ்சு கட்டியாக இருக்கும், அழுக்கேறி இருக்கும், வாடை கூட அடிக்கும். ஆனால் இழை உடைந்திருக்காது. கட்டியை இரண்டாகப் பிய்த்தால் நடுவில் நீள நீளமாக நார் தெரியும். அதற்கு வெயிலும் கையும் போதும். செத்த பஞ்சைப் பிய்த்தால் பிய்ந்த இடத்தில் பொடி உதிரும். குழாய் நொறுங்கிவிட்டது. அதில் காற்று நிற்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், விரலுக்குத் தெரியும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் மெத்தைக்காரர். மற்றவர் உறை தைக்கிறவர்.

மலைமேலிருந்து வருகிற மெத்தைகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். போடிமெட்டு, பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் பலரும் எங்கள் பக்கத்து ஆட்கள். மேலே குளிர், காற்றைப் பொத்தி வைத்திருக்கிற இலவம்பஞ்சு அந்தக் குளிரைத் தாங்கும். ஆனால் ஆனியில் மழை பிடித்தால் மாதக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. லயத்து வீட்டுச் சுவரெல்லாம் ஓதம். பஞ்சு தண்ணீரைத் தள்ளுமே தவிர உறைத்துணி தள்ளாது. துணி ஈரமானால் பூசணம் பிடிக்கும், பஞ்சு கட்டி தட்டும். தை மாசி வாக்கில் ஏலக்காய் எடுப்பு ஓய்கிற நேரம் பார்த்து ஜீப்பின் மேல் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

அப்படி ஒரு பெரியம்மா வந்தார். கொண்டுவந்த மெத்தை நடுவில் குழிந்து, இரண்டு ஓரமும் திண்டாக நின்றது.

"ஏத்தா, இது எங்க கலியாணத்து மெத்தை. தூக்கிப்போட மனசு வரல. தேறுமா?"

"பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும் பெரியம்மா."

"புதுசே வாங்கிக்கங்கன்னு சொல்லிராத. புதுசு வாங்க வரல."

பிரித்தேன். கோணியூசியில் போட்ட குத்துத் தையலை ஒவ்வொன்றாக அறுத்து, வாயைத் திறந்து, தார்ப்பாயில் கொட்டினோம். இடுப்பும் தோளும் படுத்த இடத்துப் பஞ்சு செத்திருந்தது. கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது. தலைமாட்டிலும் ஓரங்களிலும் இருந்தது அமுங்கியதோடு சரி. பாதிக்கு மேல் நல்லது. அவரையே கூப்பிட்டு ஒரு கட்டியைப் பிய்த்துக் காட்டினேன். நாரைப் பார்த்துவிட்டு, "உசுரு இருக்கு" என்றார்.

பழைய பஞ்சை எழுப்புவதில் அவசரம் ஆகாது. முதலில் கட்டிகளைக் கையால் பிய்க்க வேண்டும். பிறகு மேலே வலை போட்டு, காற்றில்லாத வெயிலில் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தெருவே பஞ்சாகும். மதியத்துக்கு மேல் ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். இரண்டு வெயில் கண்டதும் பஞ்சு வலையைத் தூக்கத் தொடங்கும். அப்போதுதான் விளாரை எடுக்க வேண்டும். புளியம் விளார், சுண்டுவிரல் தடிமன், ஓங்காமல் மணிக்கட்டால் மட்டும் தட்டு. தட்டினால் பொடி கீழே இறங்கும், நல்ல நார் மேலே வரும். ஓங்கி அடித்தால் பஞ்சு சீக்கிரம் பொங்கும், பார்க்கிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த அடியில் குழாய் முறியும். ஆறு மாதத்தில் மறுபடி குழி விழும். அவசரத்துக்கு அடித்துக்கொடுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு; தேறக்கூடிய பஞ்சை அவர்கள் சாகடிக்கிறார்கள்.

மாமா காலத்துப் பஞ்சு வில் ஒன்று கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அது பருத்தி மெத்தைக்கு. நாணைச் சுண்டினால் அது அதிர்ந்து திரும்புகிற வேகத்தில் பருத்திக் கட்டி உடைந்து மேகமாகும். பஞ்சு கொட்டுகிறவர்கள் வீதியில் வரும்போது நாணைச் சுண்டிச் சத்தம் கொடுத்துக்கொண்டே வருவார்கள். இலவம்பஞ்சில் அந்த வில்லைப் போட்டால் பாதிப் பஞ்சு கூரைக்குப் போய்விடும், மீதி நொறுங்கும். பருத்தி அடியைத் தாங்கும், இலவு தாங்காது. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்று தெரிந்துகொள்வது இந்தத் தொழிலில் பெரிய படிப்பு.

அந்த மெத்தையில் மூன்றில் ஒரு பங்கு புதுப்பஞ்சு சேர்த்தோம். புதுசையும் பழசையும் கலந்து அடைப்பது சுலபம், அது தப்பு. புதுப்பஞ்சு இடுப்புக்கு வருகிற இடத்தில், பழசு ஓரத்துக்கும் காலடிக்கும். பாரம் விழுகிற இடத்தில் தெம்புள்ள பஞ்சு இருக்க வேண்டும். பிறகு குச்சியால் மூலைகளுக்குத் தள்ளி, கையால் தடவிச் சமன் பார்த்து, வாயைத் தைத்து, குத்துத் தையல். அந்தத் தையலை இறுக்கமாக இழுத்தால் பார்க்க அழகாக இருக்கும், பஞ்சு மூச்சுமுட்டிக் கிடக்கும். தளர விட்டால் பஞ்சு நகர்ந்து ஒரு பக்கம் சேரும். நடுவில் ஒரு பதம் உண்டு. அதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

அடைக்கிற அளவிலும் அதே பதம். தலையணைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, மூன்றுக்கு ஆறு அடி ஒற்றை மெத்தைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ வைப்போம். "இன்னும் ரெண்டு கிலோ போடுங்க, கல்லு மாதிரி இருக்கணும்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் எனக்குத்தான் வரும். ஆனாலும் போடமாட்டேன். எழும்ப இடம் இல்லாத உறைக்குள் பஞ்சு எப்போதும் அமுங்கின நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் செத்துவிடும்.

இதே காரணத்தால் பேல் போட்டு இறுக்கின பஞ்சை நான் வாங்குவதில்லை. இலவம்பஞ்சை லாரியில் ஏற்றினால் லாரி நிறைந்துவிடும், எடை ஏறாது. வாடகை கட்டுப்படியாகாமல், தூரத்து ஊர்களுக்கு அனுப்புகிறவர்கள் பிரஸ்ஸில் வைத்து இறுக்குகிறார்கள். அளவாக இறுக்கினால் பிரித்ததும் பஞ்சு எழும்பிவிடும். ஒரு லோடு பஞ்சை அரை லோடாக்க ஆசைப்பட்டு இறுக்கினால், உறை தைக்கும் முன்பே பஞ்சு பாதி செத்திருக்கும். வாங்கிப்போகிறவருக்கு இது தெரியாது. "போடிப் பஞ்சு முன்ன மாதிரி இல்ல" என்று ஊர்ப்பேரைத்தான் குறை சொல்வார்.

இன்னொரு கேடு கலப்படம். முன்பு கழிவுப் பஞ்சு கலந்தார்கள்; கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும். இப்போது பாலியஸ்டர் நார் கலக்கிறார்கள். அது அமுக்கி விட்டதும் இலவைவிட வேகமாக எழும்பும். கைப்பிடிச் சோதனையை மட்டும் நம்புகிறவர் ஏமாறுவார். அதனால் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: விருட்டென்று எழும்பினால் சந்தேகப்படுங்கள். துணுக்கை எடுத்துக்கொண்டு கடையைவிட்டு நன்றாக வெளியே வந்து, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். இலவு பொசுக்கென்று எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக உறையும். ஆறியபின் நகத்தால் அழுத்தினாலும் நசுங்காது.

ஃபோம் மெத்தை வந்ததில் எங்கள் தொழில் மெலிந்தது உண்மை. பாலியூரித்தேனை ஜெர்மனியில் ஒட்டோ பேயர் 1937-ல் கண்டுபிடித்தார். அது இன்று சுருட்டி அட்டைப்பெட்டிக்குள் வைத்து வீட்டு வாசலுக்கு வருகிறது. பிரித்ததும் கண்ணெதிரே எழும்பி நிற்பதைப் பார்த்து ஆளுக்கு ஆள் அசந்துபோகிறார்கள். முதுகுக்குக் கெட்டியான படுக்கை வேண்டும் என்று மருத்துவர் சொன்னவர்களை நானே இலவம்பஞ்சு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்கு ஃபோமில் படுத்தால் முதுகு வேகிறது. அதுவும் ஒருநாள் குழி விழும். குழி விழுந்த ஃபோமைப் பிரிக்க முடியாது, வெயிலில் போட்டு எழுப்ப முடியாது, நல்ல பாதியை எடுத்து வேறொன்றில் சேர்க்க முடியாது. வைகை ஆற்றோரத்திலும் கண்மாய்க் கரையிலும் கிடக்கிற மெத்தைகளைப் பாருங்கள்; எல்லாம் அதுதான். பிரித்துத் தைக்க முடிகிற ஒரு பொருளைக் கைவிட்டு, பிரிக்கவே முடியாத ஒன்றுக்கு மாறியிருக்கிறோம். இது முன்னேற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கொஞ்சம் பேர் திரும்பி வருகிறார்கள். 2010 டிசம்பர் கடைசியோடு நின்றுபோன போடி ரயில் 2023 ஜூன் 15-ல் அகல ரயிலாக வந்த பிறகு, சென்னையிலிருந்து விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள் தாத்தா வீட்டு மெத்தையில் படுத்துப் பார்த்துவிட்டுக் கடையைத் தேடி வருவதைப் பார்க்கிறேன். குழந்தை பிறந்த வீட்டுக்குச் சின்ன மெத்தையும் தலையணையும் கேட்கிறார்கள். நல்ல வியாபாரம். ஆனால் தோப்புகள் குறைகின்றன. ஏறுவதற்கு ஆள் இல்லை, கூலி கட்டவில்லை என்று மரத்தைப் பெட்டிப்பலகைக்கு வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வெட்டிய அடிமரம் துளிர்க்கும் என்று முன்னாலேயே சொன்னேன். துளிரை ஆடு கடிக்காமல் இரண்டு மூன்று வருஷம் காவல் காத்தால் மரமாகும். அதற்குள் அந்த இடத்தில் பிளாட் கல் ஊன்றிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலடியிலோ பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று நிச்சயம் கிடக்கும். தூக்கிப்போடுவதற்கு முன்னால் ஓரத்துத் தையலில் இரண்டு விரல் நுழைகிற அளவு பிரித்து, ஒரு கட்டியை எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். நார் நீளமாகத் தெரிந்தால் உங்கள் ஊரில் மெத்தை தைக்கிறவர் யார் என்று விசாரித்து அவரிடம் கொண்டுபோங்கள். எந்த ஊரிலும் ஒருவராவது மிச்சம் இருப்பார். ஓங்கி அடிக்க வேண்டாம், கூடுதலாகத் திணிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருக்கிற மெத்தையாக இருந்தால் தண்ணீர் காட்டாதீர்கள், துவைக்காதீர்கள். தை பிறந்ததும் மொட்டைமாடிக்கு ஏற்றி இரண்டு பக்கமும் வெயில் காட்டுங்கள். மாதம் ஒருதரம் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துத் தையுங்கள். நல்ல காயில் எடுத்த பஞ்சு இருபது வருஷம் தாங்கும்.